துறையற்ற கரையில் துறை: சென்னை இரும்புக் கடற்பாலமும் மசூலாப் படகோட்டிகளும் (1639–1911)

ஆய்வுச் சுருக்கம்

இயற்கைத் துறைமுகம் இல்லாத மணற்கரையில் எழுந்த நகரம் சென்னை. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் அந்நகருக்கு வந்த பயணிகளும் சரக்குகளும் தைத்த பலகைப் படகான மசூலாவின் வழியாகவே கரை சேர்ந்தனர். 1861-இல் முடிக்கப்பட்ட இரும்புக் கடற்பாலம் இந்நிலையை மாற்றும் என எதிர்பார்க்கப்பட்டது. அப்பாலம் படகோட்டிகளின் இடத்தைப் பிடிக்க இயலாமற்போனதன் காரணங்களையும், அதன் பின் எழுந்த செயற்கைத் துறைமுகத்தின் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கரைக்கேற்பக் கலத்தை அமைக்கும் மரபும் கலத்திற்கேற்பக் கரையை மாற்றும் பொறியியலும் சந்தித்த களமாகச் சென்னைக் கடல்முகத்தைக் காண்பது இதன் நோக்கமாகும்.

முக்கியச் சொற்கள்: துறை, மசூலா, சலங்கு, கடற்பாலம், சென்னைத் துறைமுகம், படகோட்டிகள், கடலரிப்பு.

முன்னுரை

தமிழகத் துறைமுக வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட குறுகிய நீர்ப்பரப்பைக் கடப்பித்த சிறுபடகுகளும், அவை அணைந்த இறங்குதுறைகளும் போதிய கவனம் பெறவில்லை. பயணி ஒருவர் ஊருக்குள் நுழைவது கப்பல் நங்கூரமிடும்போது அன்று, அவரது கால் கரையில் படும்போதுதான். அந்த இடம் யாரால், யாருக்காக, எவருடைய செலவில் அமைக்கப்பட்டது என்பது சமூக வரலாற்றின் வினாவாகும்.

இவ்வினா கடற்கரையோடு மட்டும் நின்றுவிடுவதன்று. இன்று ஓசூர், கிருஷ்ணகிரி எனத் தொழில் வளம் பெற்று விளங்கும் கருநாடக எல்லைப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் மாவட்டத்தின் வட்டங்களாக இருந்தபோது, இருப்புப்பாதை வழியே சென்னைக் கடல்முகத்தோடு பிணைக்கப்பட்டது. 1856-இல் இராயபுரத்திலிருந்து தொடங்கிய பாதை பின்னர் மேற்கே நீண்டு, 1864-இல் சோலையார்பேட்டை வழியாகப் பெங்களூரை அடைந்தது. அதன்பின் சென்னைக் கரையின் கொள்திறன் உள்நாட்டு எல்லைப் பகுதிகளின் வாழ்வையும் தொட்டது. பஞ்சக் காலத்தில் இத்தொடர்பு எவ்வாறு வெளிப்பட்டது என்பது பின்னர் விளக்கப்படும்.

துறை: சொல்லும் இடமும்

தமிழில் ‘துறை’ என்பது நீரில் இறங்குமிடத்தைக் குறிக்கும் சொல். நீராடும் இடம், துணி வெளுக்கும் இடம், ஓடம் ஏறும் இடம் ஆகிய அனைத்தும் துறைகளே. மயிலாடுதுறை, ஆடுதுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை போன்ற ஊர்ப்பெயர்கள் இச்சொல்லின் பரப்பைக் காட்டுகின்றன. துறை பெரும்பாலும் கட்டப்படுவதன்று, கண்டறியப்படுவது. நீரின் வேகம் தணிந்து கரை சரிந்து கிடக்கும் இடத்தை மக்கள் தேர்ந்து பயன்படுத்தினர். படிகளும் மேடைகளும் பின்னர் வந்தவை.

பழந்தமிழகத்தின் புகழ்பெற்ற துறைமுகங்களும் இந்நெறியைப் பின்பற்றின. புகார் காவிரியின் கழிமுகத்திலும், கொற்கை தாமிரபரணியின் கழிமுகத்திலும், முசிறி பெரியாற்றின் கழிமுகத்திலும் அமைந்தன. அரிக்கமேடும் ஆற்றங்கரைக் குடியிருப்பே. பூம்புகாரை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், செங்கற்களால் கட்டப்பட்ட படகுத்துறையும் படகுகளைப் பிணைக்கும் மரத்தூண்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. தமிழகத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மிகப் பழைய இறங்குதுறைகளுள் இது ஒன்று. அலை நேரடியாக மோதும் திறந்த கடற்கரையைத் தவிர்த்து, அமைதியான நீரில் துறை அமைத்த அறிவு இச்சான்றால் புலனாகிறது.

உள்நாட்டு ஆறுகளில் வேறொரு தீர்வு நிலவியது. தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில், தமிழகக் கரைக்கும் கருநாடகக் கரைக்கும் இடையே பாயும் காவிரியில் இன்றும் ஓடும் பரிசல் இதற்குச் சான்று. மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலாலும் இக்காலத்தில் நெகிழித் தாளும் தாருங்கொண்டும் போர்த்தப்படும் இக்கலத்திற்கு மேடை தேவையில்லை. பாறை இடுக்கிலும் மணல் திட்டிலும் அது அணையும். நீரோட்டத்திற்கு எதிராகத் திரும்ப வேண்டியபோது பரிசலோட்டி அதைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து நடப்பார். கரையின் மாறுபாடுகளைக் கலமே ஏற்றுக்கொள்ளும் இந்நெறியின் கடல்வடிவம்தான் சென்னையின் மசூலா.

துறையற்ற கரையில் ஒரு நகரம்

1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் பிரான்சிஸ் டே தேர்ந்தெடுத்த இடத்தில் துறைமுகத்திற்குரிய இயற்கை அமைப்பு எதுவுமில்லை. கூவத்தின் முகத்துவாரம் மணல் திட்டால் அடைபடுவது. கடற்கரையோ நேர்கோடாக நீண்டு, வங்கக் கடலின் அலைகளை எதிர்கொண்டு நிற்பது. துணி வாணிகத்திற்கு வாய்ப்பான உள்நாடும் உள்ளூர் ஆட்சியாளரின் சலுகைகளுமே கம்பெனியை இங்கு ஈர்த்தன. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் திறந்த கடலில் நங்கூரமிட்டன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் அங்கு நிற்பதே இடர் நிறைந்ததாக இருந்தது.

கப்பலிலிருந்து கரைக்கு வருவோர் வரிசை வரிசையாக உடையும் அலைகளைக் கடக்க வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களின் ஆணியடித்த படகுகள் இவ்வலைகளில் தரைதட்டி உடைந்தன. எனவே கோட்டையின் கவர்னர் முதல் கடைநிலைச் சிப்பாய் வரை அனைவரும் உள்ளூர்ப் படகோட்டிகளையே சார்ந்திருந்தனர்.

கரைக்கேற்ற கலம்

மசூலா என்னும் பெயரின் தோற்றம் குறித்து ஒருமித்த கருத்தில்லை. புதுச்சேரிப் பகுதியில் இவ்வகைப் படகு ‘சலங்கு’ எனப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இச்சொல் பயின்று வருகிறது. இதன் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டன. பலகைகள் சேரும் இடுக்குகளில் நாரும் வைக்கோலும் திணிக்கப்பட்டன. உள்ளே விறைப்பான விலாச்சட்டங்கள் கிடையா. தட்டையான அடிப்பகுதியும் உயர்ந்த பக்கங்களும் கொண்ட இப்படகு, அலை மோதும்போதும் மணலில் இடிக்கும்போதும் நெகிழ்ந்து கொடுத்தது. விறைப்பான கலம் உடையுமிடத்தில் இது வளைந்து மீண்டது. தையல் தளர்ந்ததும் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். மீன்வளத் துறை இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் இத்தைத்த படகுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கலத்தின் நெகிழ்ச்சியைப் பயன்படுத்தும் திறன் படகோட்டிகளிடம் இருந்தது. எட்டு முதல் பன்னிரண்டு துடுப்பாளர்களை வழிநடத்திய தண்டல், பின்புறம் நின்று நீண்ட துடுப்பால் திசை செலுத்தினார். உடையும் அலைக்கு வெளியே படகை நிறுத்தி, அலைகளின் வரிசையைக் கணித்து, உரிய கணத்தில் குரல் கொடுப்பார். துடுப்பாளர்கள் பாட்டின் தாளத்திற்கேற்ப ஒருசேர வலித்து அலையின் முதுகிலேறிக் கரை சேர்வர். படகு மணலைத் தொட்டதும் பயணிகளைத் தோளிலோ நாற்காலியிலோ சுமந்து உலர்நிலத்தில் இறக்குவர். படகு கவிழ்ந்தால் மீட்பதற்காகக் கட்டுமரக்காரர்கள் உடன்செல்வதும் உண்டு.

இவ்வகையில் நோக்கினால் சென்னைக்கு இறங்குதுறை இல்லாமலில்லை. அது கல்லாலும் மரத்தாலும் அமையாமல், கலத்தின் நெகிழ்ச்சியிலும் தண்டலின் கணிப்பிலும் துடுப்பாளரின் தோள்களிலும் அமைந்திருந்தது.

துறை யாருடைய கையில்?

இத்தகைய துறையை ஆட்சியாளர் முழுமையாகத் தம்வயப்படுத்த இயலவில்லை. படகோட்டிகள் வேலையை நிறுத்தினால் கப்பல் வாணிகம் நின்றுவிடும். 1680-இல் துணி ஓவியர்கள் கம்பெனியோடு முரண்பட்டுச் சாந்தோமில் கூடியபோது, கூலியாட்கள், மீனவர்கள், கட்டுமரக்காரர்கள், படகோட்டிகள் ஆகியோரையும் நகரைவிட்டு வெளியேறித் தம்மோடு சேருமாறு வற்புறுத்தினர். கோட்டையை நெருக்கடிக்கு உள்ளாக்க எவர் உழைப்பை நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

கம்பெனி ஆவணங்களில் படகோட்டிகள் இருவேறு விதமாகக் காட்சியளிக்கின்றனர். அலையில் அவர்கள் காட்டும் துணிவு வியக்கப்படுகிறது. அவர்கள் கேட்கும் கூலியும் சரக்கு சேதமுறுவதும் கடிந்துரைக்கப்படுகின்றன. கட்டணத்தை வரையறுப்பதும் படகுகளைப் பதிவு செய்வதும் அரசின் தொடர்ந்த அக்கறைகளாயின. இறங்குதுறை கட்ட வேண்டும் என்னும் எண்ணத்தின் பின்னணியில் பயணிகளின் பாதுகாப்போடு, படகோட்டிகளைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுபடும் விருப்பமும் இருந்தது எனக் கருதுவதற்கு இவ்வாவணங்கள் இடந்தருகின்றன.

இரும்புக் கடற்பாலம்

அலைகளைக் கடந்து கடலுக்குள் நீளும் பாலம் ஒன்றை அமைக்கலாம் என்னும் யோசனையை 1770-இல் முன்வைத்தவர், அப்போது சென்னை ஆட்சிக்குழுவில் இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ். அது நிறைவேற ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்தன. அலையடிக்கும் மணலில் கல்தூண்களை நிறுத்தும் தொழில்நுட்பம் அன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் வளர்ந்த திருகுத்தூண் முறை இத்தடையை நீக்கியது. அடியில் திருகு போன்ற அலகு பொருத்திய இரும்புத் தூண்களைக் கடலடி மணலில் முறுக்கி இறக்குவதே இம்முறை. இடைவெளிவிட்டு நிற்கும் மெல்லிய தூண்களின் ஊடே அலைகள் கடந்துசெல்லும் என்பதால் பாலத்தின் மீது விழும் தாக்குதல் குறையும்.

1859-இல் தொடங்கிய பணி 1861-இல் முடிவுற்றது. இன்றைய ராஜாஜி சாலையின் எதிரே, 1,000 அடிக்கும் மேற்பட்ட நீளத்தில் பாலம் கடலுக்குள் நீண்டது. இருப்புப்பாதை உள்நாட்டுச் சரக்கை நகருக்குக் கொணரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இப்பாலம் எழுந்தது தற்செயலானதன்று. தொடர்வண்டியின் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாத இடமாகக் கடற்கரை மாறியிருந்தது. 1866-இல் புதுச்சேரியிலும் பிரெஞ்சு ஆட்சியினர் இத்தகைய இரும்புப் பாலமொன்றை அமைத்தனர். அது 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது.

ஆயினும் சென்னைப் பாலம் எதிர்பார்ப்பைப் பாதியளவே நிறைவேற்றியது. ஆழம் போதாமையாலும் அலையின் தூக்கலாலும் பெருங்கப்பல்கள் பாலத்தில் அணைய இயலவில்லை. கப்பலுக்கும் பாலத்திற்கும் இடையே சரக்கையும் மக்களையும் சுமக்கப் படகுகளே தேவைப்பட்டன. பாலம் அசையாமல் நின்றது. அதன் அடியில் படகோ ஒவ்வோர் அலைக்கும் பல அடி உயர்ந்து தாழ்ந்தது. கடல் அமைதியாக இருந்த நாட்களில் பாலம் பயன்பட்டது. கொந்தளிப்பு மிகுந்த நாட்களில், அதாவது துறை மிகவும் வேண்டப்பட்ட நாட்களில், படகுகள் அதனை நெருங்க இயலவில்லை. 1868, 1872 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் பாலத்தைச் சிதைத்துப் பயன்பாட்டைத் தடுத்தன. மசூலாக்கள் வழக்கம்போல் மணற்கரைக்கே வந்தன.

இத்தோல்வியைத் தொழில்நுட்பக் குறைபாடாக மட்டும் கொள்வது பொருந்தாது. மசூலா அமைப்பில் கடலின் அசைவை ஏற்கும் பொறுப்பு கலத்திடம் இருந்தது. துறைமுகத்தில் அப்பொறுப்பு அலைதடுப்புச் சுவரிடம் இருக்கும. கடற்பாலத்தில் அதை ஏற்க எதுவுமில்லை. அசையாத மேடையும் அசையும் நீரும் நேருக்கு நேர் சந்தித்தன.

பயணி என்பவர் யார்?

சென்னையில் கரையிறங்கிய அனுபவம் பற்றி ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளும் வரைந்த ஓவியங்களும் மிகப்பல. அலையின் அச்சம், படகோட்டிகளின் பாட்டு, தோளில் சுமக்கப்பட்ட வியப்பு ஆகியன அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அதே கரையில் படகேறிய தமிழர்களின் குரல் அவற்றில் இல்லை.

1834 முதல் மொரீசியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டனர். 1860 அக்டோபரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 தொழிலாளர்களுடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனை அடைந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழரின் வரலாறு இக்கப்பலிலிருந்து தொடங்குகிறது. அப்போது கடற்பாலம் கட்டி முடிக்கப்படவில்லை. உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்து, கடலையே முதன்முறையாகக் கண்டிருக்கக்கூடிய பலருக்குத் தாய்நாட்டின் இறுதித் தொடர்பு படகோட்டியின் துடுப்பாக இருந்தது. துறையைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் இறங்கியவர்களைப் பற்றியனவாகவே இருப்பதும், ஏறிச் சென்றவர்களைப் பற்றிப் பெரும்பாலும் எண்ணிக்கையே எஞ்சியிருப்பதும் ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டிய இடைவெளியாகும்.

1876–78 பெரும் பஞ்சம் இத்துறையின் முதன்மையை உள்நாடு முழுவதற்கும் உணர்த்தியது. சேலம் மாவட்டம் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கடல்வழி வந்த தானியம் சென்னைக் கரையில் மூட்டைகளாகக் குவிந்தது. அங்கிருந்து இருப்புப்பாதை வழியே உள்நாட்டிற்குச் சென்றது. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி தடை செய்யப்படவும் இல்லை. கிருஷ்ணகிரிப் பகுதியில் பசித்திருந்தோர்க்குரிய உணவின் பாதையில் படகோட்டியின் தோளும் ஒரு கண்ணியாக இருந்தது. துறையின் கொள்திறன் மட்டும் பசியைத் தீர்மானிக்கவில்லை. விலையும் அரசின் கொள்கையும் அதைவிட வலிமையாகத் தீர்மானித்தன. எனினும் கடற்கரையின் இறங்குதுறை உள்நாட்டு மக்களுக்கும் உரிய பொதுச்சொத்து என்பதற்கு இப்பஞ்சம் கசப்பான சான்று.

அலையை அடக்கிய துறைமுகம்

கடற்பாலத்தின் குறைபாட்டை நீக்க, கடலையே அமைதிப்படுத்தும் திட்டம் வகுக்கப்பட்டது. பொறியாளர் வில்லியம் பார்க்ஸ் வகுத்த வரைவின்படி, கடற்பாலத்தை நடுவில் வைத்து, அதிலிருந்து இருபுறமும் 500 கெசத் தொலைவில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் தொடங்கின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பணி முடிவை நெருங்கிய நிலையில் 1881 நவம்பரில் வீசிய புயல் சுவர்களின் பெரும்பகுதியைத் தகர்த்தது. மீண்டும் கட்டும் பணி 1890-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. கிழக்கு நோக்கிய நுழைவாயிலில் மணல் படிந்ததால், சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்ற பின்னர் அது மூடப்பட்டு, 1911-க்குள் வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கப்பட்டது. கப்பல்கள் நேரடியாக அணையும் மேடைகளும் அக்காலத்திலேயே உருவாகத் தொடங்கின. அதுவரை துறைமுகச் சுவர்களுக்குள்ளும் சரக்கு படகுகளிலேயே இறங்கியது. கடற்பாலம் எழுந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே படகோட்டியின் தேவை குறைந்தது.

அலையைத் தடுத்த சுவர்கள் மணலையும் தடுத்தன. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது இயல்பு. சுவரின் தெற்கே மணல் குவிந்து கடல் பின்வாங்கியது. அவ்வாறு விரிந்த மணற்பரப்பை ஒட்டி 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவிடம் அமைத்து அதற்கு ‘மெரினா’ எனப் பெயரிட்டார். வடக்கிலோ மணல் வரவு நின்றதால் இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிய கரை அரிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் மீனவர்கள். நகரத்தார் காற்று வாங்கும் மணற்பரப்பும், மீனவர் வீடிழந்த கரையும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள். முன்னர்ப் படகோட்டியின் தோள் சுமந்த கடலின் வேகத்தைப் பின்னர் அவர்தம் குடியிருப்புகள் சுமந்தன என்று கூறுவது மிகையாகாது.

மிதவைத் துறை: ஓர் ஒப்பீடு

சென்னைக் கடற்பாலம் எதிர்கொண்ட சிக்கலுக்கு அண்மைக் காலத்தில் வேறொரு விடை கிடைத்துள்ளது. 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கப்பட்ட கொச்சி நீர் மெட்ரோ, 38 முனையங்களையும் 78 மின்கலப் படகுகளையும் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது. இதன் முனையங்களில் பயணிகள் ஏறும் மேடை நிலையானதன்று, மிதவை. நீர்மட்டம் உயர்ந்தால் மேடையும் உயரும், தாழ்ந்தால் தாழும். எனவே படகின் தளமும் மேடையும் எப்போதும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைய, முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் பிறர் சுமக்காமலேயே ஏற முடிகிறது.

இவ்வமைப்பு காயலின் அமைதியான நீரில் இயல்வது. சென்னையின் திறந்த கடலில் இதனை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. ஆயினும் இதன் அடிப்படை நெறி கருதத்தக்கது. கடலை அடக்காமலும் அதன் அசைவைப் புறக்கணிக்காமலும், துறையே நீரோடு அசைகிறது. மசூலாவில் கலத்திடம் இருந்த நெகிழ்ச்சி இங்கு மேடைக்கு வந்துள்ளது.

முடிவுரை

சென்னையின் இறங்குதுறை வரலாற்றை மூன்று நிலைகளாக வகுக்கலாம். முதல் நிலையில் கரை மாறாமலிருக்க, கலமும் மனித உழைப்பும் அதற்கேற்ப அமைந்தன. இரண்டாம் நிலையில் இரும்புக் கடற்பாலம் கரையை நீட்டியதே தவிர, நீரின் அசைவுக்கு விடை காணவில்லை. மூன்றாம் நிலையில் துறைமுகம் நீரை அடக்கியது, அதன் விலையை வடகரை மீனவர் செலுத்தினர்.

இம்மாற்றத்தை வளர்ச்சியின் நேர்கோடாக மட்டும் விளக்குவது முழுமையாகாது. மசூலா காலத்துப் பயணம் உயிரிடர் மிகுந்தது. படகோட்டியின் வாழ்வும் வறுமையும் போற்றுதற்குரியன அல்ல. எனினும் ஒவ்வொரு நிலையிலும் கடலின் வேகத்தை எவரோ ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் யார் என்னும் வினாவே துறையின் பொதுமையை அளக்கும் அளவுகோல். ஆற்றங்கரையிலோ கடல்முகத்திலோ நகர்ப்புறப் பயணிகள் படகுத்துறை அமைக்க முற்படும் இக்காலத் திட்டங்கள், மேடையின் நீளத்தையும் படகுகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுமுன் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும். தைத்த படகின் நுட்பமும், அலைவரிசையைக் கணித்த தண்டலின் அறிவும், வடகரைக் குடியிருப்புகளின் இழப்பும் துறைமுகப் பொறியியல் வரலாற்றின் அடிக்குறிப்புகளாக அன்றி அதன் உள்ளடக்கமாகவே ஆராயப்பட வேண்டும்.